நள்ளிரவில் கதவு உடைபட்டால்...

(முன்னாள் மாணவர் சங்கத்தின் குடும்பக் கூடுகையில் நிகழ்த்திய உரை. மலருக்காகச் சற்றுச் சுருக்கித் தரப்பட்டுள்ளது.)



மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பேச்சாளராக என்னைப் போட்டிருக்கிறார்கள். சமையல் கட்டிலிருந்து வாசனை வர ஆரம்பித்துவிட்டது. அதனால் நீட்டி முழக்கப் போவதில்லை. செயலாளர் என்னிடம், "சட்டத்தைப் பத்தி ஏதாவது பேசுங்க, ஆனா செக்‌ஷன் செக்‌ஷனா சொல்லி எல்லாரையும் தூங்க வச்சிராதீங்க" என்று எச்சரித்துத்தான் அனுப்பினார். கூடியவரை அப்படியே செய்கிறேன். ஒன்றிரண்டு செக்‌ஷன் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்றத்துக்குப் போகிறவன் என்று தெரிந்தால் கல்யாண வீட்டிலும் சரி, ரயிலிலும் சரி, நம் ஆட்கள் கேட்கும் கேள்விகள் இரண்டுதான். ஒன்று, சொத்துப் பாகப்பிரிவினை. அதைப் பேச ஒரு நாள் போதாது. இரண்டாவது இது: "ஏம்ப்பா, வீட்டுக்குள்ள திருடன் வந்துட்டா அடிக்கலாமா? அடிச்சா நம்ம மேலயே கேஸ் போட்டு உள்ள தள்ளிருவாங்களாமே, நெசமா?" இன்றைக்கு இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இது பொழுதுபோக்குக் கேள்வி இல்லை என்பது உங்களுக்கே தெரியும். நம் வகுப்பில் பாதிப் பேர் ஓய்வு பெற்றாயிற்று. பிள்ளைகள் பெங்களூரிலும், சிங்கப்பூரிலும், அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். நாலு பேருக்காகக் கட்டிய வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம். சில வீடுகளில் ஒருவர்தான். 2024 நவம்பரில் பல்லடம் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் தாய், தந்தை, மகன் மூன்று பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2025-ல் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த வயதான தம்பதிக்கும் அதே கதி. அதற்குப் பிறகு தோட்டத்துச் சாளையில் குடியிருக்கும் நம் நண்பர்கள் பலர், "ராத்திரி நாய் குரைச்சாலே எந்திரிச்சு உக்காந்துக்கறோம்" என்கிறார்கள். அவர்களுக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு தப்பான நம்பிக்கைகள்

நம் ஊரில் இந்த விஷயத்தில் இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. முதலாவது, "திருடன் மேல் கை வைத்தால் நாம்தான் குற்றவாளி, பேசாமல் கொடுத்துவிட்டு உட்கார வேண்டியதுதான்" என்பது. இரண்டாவது, "நம் வாசப்படியைத் தாண்டி வந்துவிட்டானா, அவனை என்ன வேண்டுமானாலும் செய்யலாம்" என்பது. இரண்டுமே தப்பு. முதல் நம்பிக்கை உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய நேரத்தில் கையைக் கட்டிப் போடும். இரண்டாவது நம்பிக்கை ஒரு நல்ல குடும்பத்தலைவரைக் கொலை வழக்கில் கொண்டு போய் நிறுத்தும்.

முதலாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன். 2019 ஆகஸ்டில் கடையம் பக்கத்துக் கிராமத்தில் நடந்ததை நீங்கள் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இரவு நேரம். வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த எழுபது வயதுப் பெரியவரின் கழுத்தைப் பின்னாலிருந்து முகமூடிக்காரன் ஒருவன் துணியால் இறுக்கினான். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி, கையில் கிடைத்த செருப்பையும் சாமான்களையும் எடுத்து வீசினார். பெரியவர் விடுவித்துக்கொண்டதும் இருவருமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கி, அரிவாளோடு நின்ற இரண்டு பேரையும் விரட்டி அடித்தார்கள். அம்மாவுக்குக் கையில் காயம், கழுத்துச் சங்கிலியும் போனது; உயிர் தப்பியது. அவர்கள் மேல் யாரும் கேஸ் போடவில்லை. சில நாள் கழித்துச் சுதந்திர தின விழாவில் முதலமைச்சர் கையால் வீரத்துக்கான சிறப்பு விருது வாங்கினார்கள். அந்த இரவில் அவர்கள் அடித்த அடியில் அந்த இருவரில் ஒருவன் விழுந்து செத்திருந்தால்கூட, சட்டம் அவர்கள் பக்கம்தான் நின்றிருக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

சட்டப் புத்தகம் என்ன சொல்கிறது?

இந்தியத் தண்டனைச் சட்டத்தை முதலில் எழுதியவர் மெக்காலே. 1837-ல் அவர் தலைமையிலான சட்ட ஆணையம் முன்வரைவைக் கொடுத்தது. அது சட்டமானது 1860-ல். நடைமுறைக்கு வந்தது 1862 ஜனவரி முதல் தேதி. இந்தத் தற்காப்பு விஷயத்தில் அந்த ஆணையத்தின் எண்ணம் விசித்திரமானது. இந்த நாட்டு மக்கள் அநியாயத்தை எதிர்க்காமல் அடங்கிப் போகிறார்கள், அவர்களுக்குத் தைரியம் கொடுக்கும்படி சட்டம் இருக்க வேண்டுமே தவிரத் தற்காப்பு உரிமைக்கு மேலும் மேலும் வேலி போடக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். நம்மை அடிமைப்படுத்தியவர்களே நமக்கு இந்த உரிமையைத் தாராளமாக எழுதிக் கொடுத்தார்கள் என்பது வேடிக்கைதான்.

அந்தப் பழைய சட்டத்தில் 96 முதல் 106 வரை உள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் 34 முதல் 44 வரை. எண் மாறியிருக்கிறது, சரக்கு ஏறக்குறைய அதேதான். பழைய எண்களை மனப்பாடம் செய்து வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்குத்தான் கஷ்டம்.

சாராம்சம் இவ்வளவுதான். உங்கள் உடலை மட்டுமல்ல, எந்த மனிதருடைய உடலையும் தாக்குதலிலிருந்து காப்பாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் சொத்தை மட்டுமல்ல, அடுத்தவர் சொத்தையும் திருட்டு, கொள்ளை, நாசவேலை, அத்துமீறி நுழைதல் ஆகியவற்றிலிருந்து காப்பாற்ற உரிமை உண்டு. அதாவது பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டு நீங்கள் கம்போடு ஓடினால், "உனக்கென்ன அங்கே வேலை?" என்று சட்டம் கேட்காது.

இந்த உரிமை எதுவரை போகும்? சாதாரணமாக, எதிராளிக்கு அடிபடும் அளவுக்கு. ஆனால் சில சந்தர்ப்பங்களில் அவன் உயிர் போகும் அளவுக்கும் போகலாம் என்று சட்டமே சொல்கிறது. உடலைப் பொறுத்தவரை: உங்களுக்கோ உங்களைச் சேர்ந்தவர்களுக்கோ உயிர் போகும், கொடுங்காயம் ஏற்படும், பாலியல் வன்கொடுமை நடக்கும், கடத்திப் போவார்கள் என்று நியாயமாகப் பயப்படும்படி ஒரு தாக்குதல் வந்தால். ஆசிட் வீச்சும் 2013 முதல் இந்தப் பட்டியலில் இருக்கிறது. சொத்தைப் பொறுத்தவரை நான்கு சந்தர்ப்பங்கள்:

1. கொள்ளை - அதாவது ஆளை அடித்தோ மிரட்டியோ பறிப்பது.
2. சூரியன் மறைந்ததற்குப் பின், உதிப்பதற்கு முன் வீட்டை உடைத்துப் புகுவது.
3. குடியிருக்கும் வீட்டுக்கோ, பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்கோ தீ வைப்பது, வெடி வைப்பது.
4. திருட்டோ, நாசவேலையோ, வீட்டுக்குள் அத்துமீறலோ - தடுக்காவிட்டால் உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாகப் பயப்பட வைக்கும் சூழ்நிலையில் நடப்பது.

கடையத்தில் நடந்தது முதல் வகை. கழுத்தை இறுக்கியதாலும் அரிவாள் இருந்ததாலும் உடலைக் காக்கும் உரிமையும் சேர்ந்துகொண்டது.

இரண்டாவது வகையைக் கொஞ்சம் கவனியுங்கள். நாலாவது வகையில் "உயிருக்குப் பயம்" என்ற நிபந்தனை இருக்கிறது. இரண்டாவதில் அந்த வார்த்தை இல்லை. ராத்திரியில் வீட்டை உடைத்து வருகிறவன் கையில் என்ன வைத்திருக்கிறான், எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று தூக்கத்தில் எழுந்திருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? அந்த இருட்டையும் அந்தத் திகைப்பையும் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதே ஆள் பகல் பன்னிரண்டு மணிக்கு, ஆயுதம் இல்லாமல், யாரையும் மிரட்டாமல் வந்தால் அவனைத் தடுக்கலாம், பிடிக்கலாம், தேவைப்பட்டால் அடிக்கவும் செய்யலாம். உயிரை எடுக்கும் அளவுக்கு உரிமை கிடையாது.

"உடைப்பது" என்றதும் கடப்பாரையை நினைக்காதீர்கள். நம் பெரியவர்கள் கன்னம் வைப்பது என்பார்கள், கன்னக்கோலால் மண்சுவரில் ஓட்டை போட்டு உள்ளே வருவது. அதுவும் உண்டு. ஆனால் சட்டத்தில் ஆறு வழிகள் சொல்லியிருக்கிறார்கள். சுவர் ஏறிக் குதித்து வந்தாலும், மனிதர் நுழைவதற்கென்று வைக்காத வழியில் வந்தாலும், பூட்டைத் திறந்து வந்தாலும், தாழ்ப்பாளை நீக்கி வந்தாலும் அது வீட்டை உடைத்தல்தான். நீங்கள் தொலைத்த சாவியைக் கண்டெடுத்து, அதே சாவியால் உங்கள் கதவைத் திறந்து குற்ற நோக்கத்தோடு நுழைந்தாலும் உடைத்தல்தான். திறந்து கிடந்த கதவு வழியாகச் சும்மா நுழைந்தவன் அத்துமீறியவன். இந்த இரண்டாவது வகைக்குள் வரமாட்டான்.

எங்கே நிறுத்த வேண்டும்?

இப்போது இரண்டாவது நம்பிக்கைக்கு வருகிறேன். மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் ஒரு கடிவாளம் இருக்கிறது; பழைய 99-வது பிரிவு, இப்போது 37. அது முக்கியமாக இரண்டு விஷயம் சொல்கிறது. காவல்துறையின் உதவியை நாட நேரம் இருந்தால் தற்காப்பு உரிமை கிடையாது. தற்காத்துக்கொள்ள எவ்வளவு தேவையோ அதற்கு மேல் தீங்கு செய்யவும் உரிமை கிடையாது. ராத்திரி வீட்டை உடைத்தவனுக்கும் இது பொருந்தும். டார்ச் வெளிச்சத்தில் கையைத் தூக்கிக்கொண்டு, "சாமி, விட்டுருங்க" என்று நிற்கிறவனை வெட்டினால், "ராத்திரிதானே, வீட்டுக்குள்தானே" என்ற வாதம் எடுபடாது.

"அளவோடு அடி என்றால், அரிவாளோடு வருகிறவன் முன்னால் நின்றுகொண்டு அளவுகோல் பார்க்க முடியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உச்ச நீதிமன்றமும் இதையேதான் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது: ஆபத்தில் இருப்பவன் எடுத்த முடிவைத் தங்கம் நிறுக்கும் தராசில் போட்டு நிறுக்கக் கூடாது. 2010 ஜனவரியில் பஞ்சாபிலிருந்து வந்த ஒரு வழக்கில் நீதிமன்றம் இந்தக் கொள்கைகளை எல்லாம் தொகுத்து, வரிசையாக எழுதி வைத்தது. ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சமே போதும், முதல் அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தப்பி ஓடித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதே சமயம் இந்த உரிமை தற்காப்புக்கு மட்டும்தான், பழிவாங்குவதற்கு அல்ல. இவையெல்லாம் அந்தத் தீர்ப்பில் இருக்கின்றன.

நான் இதை என் மொழியில் இப்படிப் புரிந்து வைத்திருக்கிறேன்: பயத்தில் செய்ததைச் சட்டம் பொறுத்துக்கொள்ளும், கோபத்தில் செய்ததைப் பொறுத்துக்கொள்ளாது. பயம் முடிந்து கோபம் தொடங்கும் இடம்தான் எல்லைக்கோடு. வீட்டை உடைத்து வந்தவன் உள்ளே இருக்கும்வரை உங்கள் உரிமையும் இருக்கும். அவன் சுவரேறிக் குதித்து வெறுங்கையோடு ஓடிவிட்டால் அதோடு முடிந்தது. நகையோடு ஓடினால் துரத்திப் பிடித்து நகையை மீட்கலாம். ஓடுகிறவன் முதுகில் வெட்டலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. 1962-ல் உச்ச நீதிமன்றம் பார்த்த ஒரு நிலத் தகராறு வழக்கில், எதிர்த் தரப்பு கலைந்து ஓடிய பிறகும் தூரத்திலிருந்து துப்பாக்கியால் சுட்டுக் கொன்றவர்களுக்குத் தற்காப்பு உரிமை கிடைக்கவில்லை. ஓடுகிறவனால் என்ன ஆபத்து?

எல்லையைச் சற்றுத் தாண்டிவிட்டால்? அதற்கும் சட்டத்தில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. நல்லெண்ணத்தோடு தற்காத்துக்கொள்ளும்போது, முன்திட்டம் இல்லாமல், தேவைக்கு மேல் தீங்கு செய்யும் எண்ணமும் இல்லாமல் அளவு மீறி ஓர் உயிர் போய்விட்டால், அது கொலை ஆகாது. கொலையாகாத மரணம் விளைவித்தல் ஆகும். தண்டனை குறையும். ஆனால் இல்லாமல் போகாது. நோக்கத்தோடு செய்தது என்று முடிவானால் குறைந்தது ஐந்து ஆண்டு. அறுபது வயதுக்கு மேல் அந்த ஐந்து ஆண்டு என்ன என்பதை உங்கள் யோசனைக்கு விடுகிறேன்.

இருட்டில் வருகிறவன் யார்?

சட்டப் புத்தகத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1860-ல் எழுதியது, இன்றைக்கும் புதிய சட்டத்தில் அப்படியே இருக்கிறது. ஒருவன் தான் போக உரிமையுள்ள வீட்டுக்குள் ராத்திரி நுழைகிறான். உள்ளே இருப்பவர் திருடன் என்று நல்லெண்ணத்தோடு நம்பி அவனைத் தாக்குகிறார். தாக்கியவர் குற்றவாளி இல்லை. ஆனால் தாக்கப்பட்டவனுக்கும் தற்காத்துக்கொள்ள முழு உரிமை உண்டு. இரண்டு பேரும் நிரபராதி. இரண்டு பேரும் அடித்துக்கொள்ளச் சட்டப்படி உரிமை உள்ளவர்கள்! அதற்கு முந்தைய உதாரணத்தில் மனநிலை சரியில்லாதவர் வருகிறார். அவர் தாக்கினாலும் உங்களுக்குத் தற்காப்பு உரிமை உண்டு.

சட்டம் உங்களை விட்டுவிடும். ஆனால் நினைத்துப் பாருங்கள். சொல்லாமல் கொள்ளாமல் கடைசி பஸ்ஸில் வந்து பின்கதவைத் திறக்கும் மகன். நினைவு தப்பி நம் வீட்டைத் தன் வீடென்று நினைத்து வரும் பக்கத்துத் தெருப் பெரியவர். குடித்துவிட்டு வாசல் தவறி வந்த ஆள். நீதிமன்றம் விடுதலை செய்த பிறகும் வீட்டில் அவர்களுடைய படத்துக்கு மாலை போட வேண்டியவர்கள் நாம்தான். அதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்: முதலில் விளக்கைப் போடுங்கள். "யாரது?" என்று உரக்கக் கேளுங்கள். அறைக் கதவைத் தாழ் போட்டுக்கொள்ள முடிந்தால் போட்டுக்கொண்டு 112-க்கோ 100-க்கோ கூப்பிடுங்கள். பெரும்பாலும் வந்தவன் வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் பயப்படுகிறவன். நகை போனால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.

மின்வேலி வேண்டாம்

சிலர் இன்னொரு யோசனை வைத்திருக்கிறார்கள். "நாம எதுக்குச் சண்டைக்குப் போகணும்? காம்பவுண்டுல கரண்ட் வச்சுட்டா வர்றவன் பாத்துக்கட்டும்" என்று. இதைத் தோட்டம் வைத்திருக்கும் நண்பர்கள் நன்றாகக் கேட்க வேண்டும்.

பீகாரிலிருந்து போன ஒரு வழக்கில் 1963-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பக்கத்து வீட்டுக் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்துவிட்டது. அந்த வீட்டார் இவருடைய கழிப்பறையைப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். இவர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. கழிப்பறைக்குப் போகும் வழியில் மின்சாரம் பாயும் வெற்றுச் செம்புக் கம்பியை இழுத்துக் கட்டிவிட்டார். எச்சரிக்கை எதுவும் வைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் அதில் கை பட்டு இறந்தார். "என் இடம், அத்துமீறி வந்தாள், சொத்தைக் காப்பாற்ற எனக்கு உரிமை உண்டு" என்பது இவருடைய வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. அத்துமீறி வந்தவரும் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே போனவர் அல்ல, அவருக்குத் தீங்கு வரட்டும் என்றே பொறி வைக்க இட உரிமையாளருக்கு உரிமை இல்லை என்று சொல்லித் தண்டனையை உறுதி செய்தது.

காரணம் எளிது. தற்காப்பு உரிமை என்பது ஆபத்து வந்து நிற்கும்போது பிறக்கிறது. கம்பிக்குக் கண் இல்லை. திருடனா, பால்காரரா, பந்து எடுக்க வந்த பையனா என்று அது பார்க்காது. காட்டுப் பன்றிக்கென்று திருட்டுத்தனமாகக் கரண்ட் வைத்து, விடியற்காலையில் தண்ணீர் கட்டப் போன சொந்த மனிதரே செத்துப் போன செய்திகளை நாம் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம். சுவர்மேல் கண்ணுக்குத் தெரியும்படி கம்பி முள் போடுங்கள், கேமரா வையுங்கள், நாய் வளருங்கள், "நாய்கள் ஜாக்கிரதை" பலகையும் மாட்டுங்கள். மறைந்திருந்து கொல்லும் எதையும் வைக்காதீர்கள்.

பிடித்த பிறகு

இந்தப் பேச்சில் எனக்கு மிக முக்கியமான பகுதி இதுதான். பல ஊர்களில் நடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். திருட வந்தவனைப் பிடித்தாகிவிட்டது. நாலு பேர் சேர்ந்து மின்கம்பத்தில் கட்டிவிட்டார்கள். அப்புறம் தெருவில் போகிற வருகிறவன் எல்லாம் ஆளுக்கொரு அடி. அடிக்கிறவன் வீட்டில் எதுவும் திருட்டுப் போகவில்லை. முந்தைய நாள் அலுவலகத்தில் வாங்கிய திட்டுக்கும் சேர்த்து அடிக்கிறான். காலையில் பார்த்தால் கட்டப்பட்டவன் செத்துக் கிடக்கிறான்.

கட்டிப் போட்ட நிமிடத்தோடு தற்காப்பு உரிமை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு விழும் ஒவ்வோர் அடியும் குற்றம். செத்தால் அது கொலை வழக்கு. முதல் அடி அடித்தவன், கடைசி அடி அடித்தவன், கயிறு எடுத்துக் கொடுத்தவன் எல்லோரும் ஒரே குற்றப்பத்திரிகையில் வருவார்கள். செல்போனில் படம் பிடித்து அனுப்பியவர் போலீசுக்குச் சாட்சியத்தை அவரே தயார் செய்து கொடுத்திருப்பார்.

சாதாரணக் குடிமகன் ஒருவனைக் கைது செய்யச் சட்டம் அனுமதிக்கிறது. உங்கள் கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் ஒன்றைச் செய்கிறவனை நீங்கள் பிடித்து வைக்கலாம். ஆனால் தாமதமில்லாமல் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். புதிய நடைமுறைச் சட்டம் ஆறு மணி நேரத்துக்குள் என்று கெடுவே வைத்துவிட்டது. உட்கார வையுங்கள், தண்ணீர் கேட்டால் கொடுங்கள், போலீஸ் வரட்டும். தெருவில் வயதில் மூத்தவர்களாக நாம்தான் இருப்போம். இளவட்டங்கள் கை ஓங்கும்போது, "போதும்ப்பா, விடுங்க" என்று சொல்ல ஒரு வாய் அங்கே வேண்டும். அந்த வாய் நம் கல்லூரியில் படித்தவருடையதாக இருந்தால் எனக்குச் சந்தோஷம்.

யார் வீடு?

இடையில் ஒரு சின்ன விஷயம், வாடகைக்கு வீடு விட்டிருப்பவர்களுக்கு. வீட்டுக்காரர் என்று நாம் சொல்வது சொந்தக்காரரை. சட்டம் இந்த உரிமையைக் கொடுப்பது அந்த இடத்தில் குடியிருப்பவருக்கு. 1967-ல் டெல்லியிலிருந்து வந்த வழக்கில், நிலத்தை வாங்கியவர் ஆட்களோடு வந்து சுவாதீனம் எடுக்கப் பார்த்தார். குத்தகை உரிமையில் இருந்த குடும்பத்தார் எதிர்த்தார்கள், அடிதடி ஆனது. குடியிருப்பில் நிலைத்து இருப்பவரைச் சொந்தக்காரரே ஆனாலும் பலவந்தமாக வெளியேற்ற முடியாது, எதிர்த்தவர்களுக்குத் தற்காப்பு உரிமை உண்டு என்றது உச்ச நீதிமன்றம். ஆகவே வாடகை பாக்கி என்று ராத்திரி போய்ப் பூட்டை உடைக்காதீர்கள். அங்கே அத்துமீறி நுழைகிறவர் நீங்கள்தான்.

மறுநாள் காலையில்

கடைசியாக, நடக்கக் கூடாதது நடந்து, நீங்கள் அடித்து, எதிராளிக்குப் பலத்த காயமோ உயிரிழப்போ ஏற்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கேஸ் போடுவார்களா? ஓர் உயிர் போனால் போலீஸ் பதிவு செய்யத்தான் செய்யும். அதைக் கண்டு மிரள வேண்டாம். 2012-ல் மதுரையில், குடிபோதையில் மகளிடம் தகாத முறையில் நடக்க முயன்ற கணவனை ஒரு பெண் கிரிக்கெட் மட்டையால் அடித்து, அவர் இறந்துபோனார். விசாரித்த போலீசே தற்காப்புப் பிரிவைக் காட்டி அந்தப் பெண்ணை விடுவித்தது. எல்லா வழக்கிலும் அப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது. பல வழக்குகள் நீதிமன்றம்வரை போகத்தான் செய்யும். அங்கே தற்காப்பு என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. ஆனால் போலீஸ் தரப்பைப் போல ஐயம் திரிபற நிரூபிக்க வேண்டாம். "இப்படித்தான் நடந்திருக்கும்" என்று நீதிபதி நம்பும் அளவுக்குக் காட்டினால் போதும்.

அதற்கு நீங்கள் செய்ய வேண்டியவை சில. உடனே போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் நீங்களே போன் செய்யுங்கள். அடிபட்டுக் கிடப்பவன் திருடனாக இருந்தாலும் அவனுக்கும் வைத்தியம் கிடைக்க வேண்டும். உங்கள் நல்லெண்ணத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. உடைந்த பூட்டு, கிடக்கிற ஆயுதம், சிந்திய ரத்தம் எதையும் தொடாதீர்கள், கழுவாதீர்கள். உங்களுக்குச் சின்னக் கீறல் என்றாலும் ஆஸ்பத்திரியில் காட்டிக் காயச் சான்று வாங்குங்கள். கேமராப் பதிவை அழியவிடாதீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். "நான் அடிக்கவே இல்லை, அவனாக விழுந்தான்" என்று பொய் சொன்னால், இருக்கிற உரிமையை நீங்களே கெடுத்துக்கொள்கிறீர்கள். அப்புறம் ஒரு வக்கீலைப் பாருங்கள். நான் இங்கே பொதுவாகச் சொன்னது ஒவ்வொரு வழக்கின் நுணுக்கத்துக்கும் அப்படியே பொருந்தாது.

நண்பர்களே, பெரிய கேட்டும் இரட்டைப் பூட்டும் பாதுகாப்புத்தான். ஆனால் நம் பெற்றோர் காலத்தில் திண்ணையில் நாலு பேர் படுத்திருந்தார்கள். அது இப்போது இல்லை. அதற்குப் பதிலாக ஒன்று செய்யலாம். சங்கத்தின் முகவரிப் புத்தகம் இந்த மலரோடு வருகிறது. உங்கள் ஊரில், உங்கள் பேட்டையில் நம்மவர்கள் யார் யார் என்று பாருங்கள். தனியாக இருப்பவர்களுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு போன். "சாப்டாச்சா? கதவெல்லாம் சாத்தியாச்சா?" அவ்வளவுதான். ஊருக்குப் போகும்போது காவல் நிலையத்திலும் பக்கத்து வீட்டிலும் சொல்லிவிட்டுப் போங்கள். சட்டம் கொடுத்திருக்கும் உரிமை கடைசி ஆயுதம். அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அதை எடுக்க வேண்டிய ராத்திரி உங்களில் யாருக்கும் வராமல் இருக்கட்டும்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பந்தியும் தயாராகிவிட்டது போலிருக்கிறது.